புடிக்காரி

எங்கள் கடையில் ஒருத்தி வேலைக்கு இருந்தாள். ஒரு வேலையைச் சொன்னால் அவள் அந்த வேலையைத் தொடமாட்டாள். அந்த வேலையைச் செய்வதற்கு ஒரு சாமானைச் செய்ய உட்கார்ந்துவிடுவாள். என்னடி என்று கேட்டால், "இருங்க அக்கா, மொதல்ல அதுக்கு ஒரு புடி செஞ்சுக்கிறேன்" என்பாள். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறுகிற தெருவில் எங்கள் படக்கடை இருக்கிறது. சாமி படம், கலியாணப் படம், காலமானவர்களின் படம், பிள்ளைகளின் சான்றிதழ், எது வந்தாலும் மரச்சட்டம் போட்டுக் கண்ணாடி வைத்துக் கொடுப்போம். சட்டம் அடிப்பது என் வீட்டுக்காரர். கண்ணாடி வெட்டுவதும் வருகிறவர்களிடம் வாயடிப்பதும் நான். அவளை எடுத்தது கண்ணாடி துடைக்க. டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருக்கலாம். புருஷன் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "கொழும்புல இருக்காருன்னு சொல்றாங்க" என்று யாரோ மூன்றாம் மனுஷரைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வந்த முதல் நாளே அவளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தால் பாதி கீழே சிந்துகிறது. வலது கை அப்படி நடுங்குகிறது.

"அடியே, இந்தக் கைய வச்சுக்கிட்டா கண்ணாடி துடைக்க வந்த? நல்லாருக்கே கத!"

அவள் வெட்கப்படவும் இல்லை, அழவும் இல்லை. "கொழுந்து எடுக்கறப்பவே இப்புடித்தாங்க அக்கா. சொன்ன கிலோ வராது. பாதி நாளு அரைப்பேரு போட்டு அரைச் சம்பளந்தான் குடுப்பாங்க. கங்காணி ஏசி ஏசி அவருக்கே அலுத்துப்போச்சு" என்று சிரித்தாள். "மூணு நாளு பாருங்க. ஒடைஞ்சா நானே போயிர்றேன்."

மூன்று நாள் பொறுத்தேன். முதல் நாள் அவள் ஒரு கண்ணாடியையும் துடைக்கவில்லை. குப்பையில் கிடந்த துண்டுச் சட்டங்களைப் பொறுக்கி எடுத்து, நடுவில் கோடு மாதிரிப் பள்ளம் வெட்டி, பழைய சாக்கை வெட்டி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் காலையில் கண்ணாடியை அந்தப் பள்ளத்தில் நிறுத்தினாள். அது தானாக நின்றது. அவள் இரண்டு பக்கமும் சுற்றி வந்து துடைத்தாள். "கண்ணாடிய நான் புடிக்கலீங்க அக்கா, கட்டை புடிச்சிருக்கு. நான் துடைக்க மட்டும்தான்" என்றாள். அவள் இருந்த காலம் முழுக்க ஒரே ஒரு கண்ணாடிதான் உடைந்தது. அதையும் உடைத்தது நான்.

அதற்குப் பிறகு அவளுடைய புடிகளுக்கு முடிவே இல்லை. ரொட்டி தட்டும்போது மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இரண்டு குச்சியைப் போட்டுக்கொள்வாள். ரொட்டி எல்லாம் அச்சில் வார்த்தது போல் வரும். மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப்போனால் கேனுக்கு ஒரு மரக்கைப்பிடி கட்டிக்கொண்டு போவாள். எதிரே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்கு அவளைக் கண்டாலே குஷி. தினமும் ஆணி, கீல், பசை என்று ஏதாவது கேட்டுப் போவாளே! "என்ன தங்கச்சி, உங்கட புடிக்காரிக்கு இன்டைக்கி என்ன வேணுமாம்?" என்று அங்கிருந்தே கூவுவார். தெருவில் அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அவளைப் பிடிக்காது. அவர் கைவேலைக்காரர். சட்டத்தின் நாலு மூலையும் சாய்வாக வெட்டிச் சேரவேண்டும் இல்லையா, அந்தச் சாய்வை அவர் அளக்கவே மாட்டார். சட்டத்தை இடது கையில் பிடித்து, வலது கையால் சீவுளியை இரண்டு இழுப்பு இழுப்பார். மூலையோடு மூலை வைத்தால் நடுவில் நூல் போகாது. "வேலை தெரியாதவளுக்குத்தான்டி கட்டை வேணும். எனக்கு என் கை இருக்கு" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைப்பாள்.

அவள் வந்த நாலாம் மாதம், சித்திரை வருஷப் பிறப்பு கழிந்த வாரத்தில், அந்தக் கையே போய்விட்டது. காலையில் எழுந்தவர் கட்டிலிலிருந்து சரிந்தார். பக்கவாதம். வலது காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. நாக்கு குழறினாலும் பேச்சு வந்தது. வலது கை அப்படியே தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இடது கையைப் பழக்கச் சொன்னார்கள். கேட்டால்தானே! "பீச்சாங்கையால சோறு திங்கிறதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்றார். நான்தான் ஊட்டிவிட்டேன். சட்டம் சீவலாமே, இடது கையால் மெதுவாகப் பழகலாமே என்று ஒருநாள் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "சாமி படத்துக்குப் பீச்சாங்கையால சட்டம் போடச் சொல்றியா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" அதோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வலது கையை அவர் பார்க்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். 'அது' என்றுதான் சொல்வார். அது மேலே வேட்டி விழுந்திருக்கு, அது கட்டிலுக்கு வெளியே தொங்குது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரைதான். நான் முன்னால் நின்று சிரித்துப் பேசுவேன்; திரைக்குப் பின்னால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. இந்த மனுஷன் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்ற பயம். கடை போனால் போகட்டும், வேறு ஏதாவது செய்து பிழைக்கலாம். அவரை எப்படித் திருப்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சட்டங்களைக் கொஞ்ச நாள் டவுனில் ஒரு மெஷின் பட்டறையில் வெட்டி வாங்கினேன். பிறகு பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. மெஷின் பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். செத்தவர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பதினாறாம் நாளுக்கு வேணுமுங்க" என்று வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அக்கா, அண்ணனோட சீவுளிய நான் எடுக்கட்டுமா?"

"எடுத்து?"

"ஒரு புடி செஞ்சு பாக்குறேன்."

எரிச்சலில், என்னவோ செய்து தொலை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் தோட்டத்திலிருந்து ஒரு சவுக்குப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் வந்து இறங்கினாள். அடியில் ஒரு அகலப் பலகை. அதன் மேல் அரைவாசிக்கு இன்னொரு பலகை, படிக்கட்டு மாதிரி. மேல்படியில் சாய்வாக ஒரு கட்டை. சாய்வை எப்படி எடுத்தாள் தெரியுமா? கலண்டர்த் தாளைச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை மடித்து, அந்த மடிப்பை வைத்துக் கோடு கீறினாள். சட்டத்தை அந்தச் சாய்வுக் கட்டையில் ஒட்டி வைத்தால் அதன் நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சீவுளியைக் கீழ்ப்படியில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தள்ளினால் போகிற போக்கில் நுனியைச் சீவிவிடும். கை நடுங்கினாலும் சீவுளி நடுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் படி, அடியில் பலகை. அது போகவேண்டிய வழியில்தான் போகும்.

முதல் சட்டத்தின் நாலு மூலையும் சேர்ந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து குழறலாக ஒரு சத்தம். "யாரு அது? என் சீவுளிய யாரு எடுத்தது?"

நான் உள்ளே போய் மெதுவாகச் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. ஊட்டப்போனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். அந்தக் கோபத்தை நான் அவள்மேல் காட்டினேன். அவள் பாவம், சீவுளிச் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது என்று திரையோடு ஒரு கம்பளியையும் சேர்த்துத் தொங்கவிட்டாள். சத்தம் கேட்கத்தான் செய்தது. வேறு வழியில்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் கடை அவள் சீவியதில்தான் நடந்தது.

தைப் பொங்கல் முடிந்து நல்ல வெயில் ஏறியது. ஒருநாள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு சிங்களத்து மாத்தையா, மகளின் சான்றிதழ்ப் படத்தை மேசையில் வைத்து, "மேக பலன்ன அக்கே", இதைப் பாருங்கள் அக்கா என்றார். பார்த்தேன். மூலை வாய் பிளந்திருந்தது. நகம் போகிற இடைவெளி. போன வாரம் சீவியது; ஆணி அடித்து இறுக்கியதில் அப்போது தெரியவில்லை. மறுநாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் ஒரு அம்மா, கலியாணப் படத்தோடு.

எனக்கு வந்த கோபத்தில் கடையில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. "கை நடுங்குறவள நம்பி கடைய விட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! நீயும் உன் புடியும்! தூக்கி அடுப்புல போடு!"

இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கை இழுத்து வைத்துச் சூடு போடலாம் போலிருக்கிறது. அவள் மூலை பிளந்த படத்தையும் பார்த்தாள், தன் புடியையும் பார்த்தாள். கலண்டர்த் தாளை மடித்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பலகை முறுக்கிக்கொண்டிருந்தது, சாய்வு மாறிப்போயிருந்தது. கங்காணி ஏசியதைச் சிரித்துக்கொண்டே சொன்னவள், அன்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கைதான் ஏமாத்தும்னு நெனச்சேன். கட்டையும் ஏமாத்துதுங்களே அக்கா" என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பேச்சு வந்தது.

"பச்சை மரம்."

நான் திரும்பினேன். "என்னங்க?"

"சவுக்கு. மழையில வெட்டுனது. வெயிலுக்கு முறுக்கும்." ஒவ்வொரு சொல்லாகக் குழறிக் குழறி வந்தது. "பெட்டிப் பலகை எடுக்கச் சொல்லு. அது முறுக்காது."

நோயில் விழுந்த நாளிலிருந்து அவர் வாயால் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குக் கைகால் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. "எந்தப் பெட்டிங்க அண்ணே?" என்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளேயே போய்விட்டாள். எங்கள் கட்டிலுக்கு அடியில் அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்று கிடந்தது. மெல்லிய தகடு தகடாக மரத்தை ஒட்டி அழுத்திச் செய்த பலகை. எத்தனை மழை வெயில் பார்த்தாலும் அசையாது. அதில் என் கூறைச்சேலையை வைத்திருந்தேன். சேலையைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிப் பலகையை நாலு அடுக்காக ஒட்டி, புதுப் புடி செய்தாள். ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒரு தரம், ஒட்டிய பின் ஒரு தரம், கட்டை வைக்குமுன் ஒரு தரம் என்று அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்பார், "இல்ல" என்பார். கேட்கவேண்டிய அவசியம் இல்லாததை எல்லாம் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு நூலை வைத்து அவருடைய வலது கையை அளந்துகொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பிறகு சுற்றளவு.

"என்னடி கூத்து இது?" என்றேன்.

"சும்மாங்க அக்கா" என்று நூலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, எதையோ துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவருடைய கட்டிலை ஒட்டியிருந்த மேசையில் வைத்தாள். அதுவும் புடிதான். ஆனால் எல்லாம் பக்கம் மாறியிருந்தது. சீவுளி ஓடும் படி இடது பக்கம். வலது பக்கம், சட்டம் வைக்கும் இடத்துக்கு மேலே, கீல் போட்ட ஒரு மரத்தொட்டி. கை நீளத்துக்கு, உள்ளே கம்பளி ஒட்டி. அந்தத் தொட்டியில் கனமாக எதையாவது வைத்தால் அது கீழே அமுங்கிச் சட்டத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அவள் ஒரு செங்கல்லை வைத்துக் காட்டினாள்.

என் வீட்டுக்காரருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. "பீச்சாங்கையால சாமி சட்டத்த..."

"புடிக்கிறது சோத்துக்கைதாங்க அண்ணே" என்றாள். "பீச்சாங்கை சும்மா தள்ளுறதுக்குத்தான். கூலியாளு மாதிரி."

"அதுல என்ன உசிரு இருக்கு? செத்த கட்டை."

"கனம் இருக்குங்களே அண்ணே. எனக்கு அந்தக் கனம் போதுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் புடியை அங்கேயே வைத்துவிட்டு முன்னால் வந்து கண்ணாடி துடைக்க உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் அந்தப் புடி மேசையில் கிடந்தது. அந்த மூன்று நாளும் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கடையில் படத்துக்கா பஞ்சம்? நாலாம் நாள் காலையில், சாப்பாடு ஊட்டி முடித்த பிறகு, "அவள வரச்சொல்லு" என்றார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியில் வைத்தாள். தூக்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தொட்டி அமுங்கியது. சட்டம் அசையாமல் நின்றது. இடது கையால் சீவுளியைத் தள்ளினார். முதல் சட்டம் பாழ். இரண்டாவதும் பாழ். கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் திட்டுவதைக் கேட்டு நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சந்தோஷத்தில் அழுதேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர் யாரைத் திட்டுவார்?

பத்து நாளில் மூலை சேர்ந்தது. அதன் பிறகு தினமும் காலையில் அவள் வந்து கையை எடுத்து வைத்தால்தான் வேலை தொடங்கும். நான் வைக்கிறேன் என்றால் விடமாட்டார். நான் தொட்டால் என் முகம் மாறும் என்று அவருக்குத் தெரியும். அவள் முகம் மாறாது. கண்ணாடியைப் பள்ளத்தில் நிறுத்துவது போல வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் எனக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது ஒரே சீவுளி. அதை அவர் எடுத்துக்கொண்டார். இவளுடைய பெட்டிப் பலகைப் புடி மேசைக்கு அடியில் சும்மா கிடக்கிறது. இவள் மறுபடியும் கண்ணாடி துடைக்கிறாள்.

"ஏண்டி, உன் வேலைய நீயே தூக்கிக் குடுத்துட்டியே. உனக்குக் கவலையா இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த கண்ணாடியைப் பள்ளத்தில் நிறுத்தினாள். பிறகு, "அண்ணன் சீவுற சத்தம் வேற மாதிரி இருக்குங்க அக்கா. எனக்கு அப்புடி வராது" என்றாள். கவலை இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் என் லட்சணம்.

அவள் இப்போது வலப்பனையில் இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே சந்தைப் பக்கத்தில் சின்னதாக ஒரு படக்கடை போட்டிருக்கிறாள். போன தடவை போனில் பேசும்போது, கால் ஊனமான ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்திருப்பதாகவும் அவளுக்கு உட்கார்ந்தே கண்ணாடி வெட்ட ஏதோ செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னாள். என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் சொல்லுவாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் மறுபடி சீவத் தொடங்கிய பிறகு வந்த வைகாசியில் ஒரு நாள்தான். இரவெல்லாம் மழை. டிக்கோயாப் பக்கம் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது, பஸ் இல்லை என்றார்கள். அவள் வரவில்லை. வட்டவளையிலிருந்து ஒருவர் காலை ரயிலில் வந்து நிற்கிறார். அடுத்த நாள் விடியற்காலை புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்களாம். ஒரு பிள்ளையார் படத்துக்குச் சட்டம் போட்டு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

உள்ளே போய், "நான் கைய எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார்.

"அந்த ஆளு பாவமுங்க."

"வேணாம்னு சொன்னேன்ல."

முன்னால் வந்து, நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பால் காய்ச்சி முடிந்த பிறகு அந்த மனுஷனுக்குப் படம் எதற்கு? எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றேன். அப்போது சீவுளிச் சத்தம் கேட்டது.

திரையைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தேன். கை தொட்டியில் இருந்தது. சட்டத்தின் ஒரு முனையைச் சீவிவிட்டு அவர் சீவுளியைக் கீழே வைத்தார். மறுமுனைக்குச் சட்டத்தைத் திருப்பவேண்டும். அதற்குக் கையைத் தூக்கவேண்டும். இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தார். தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி மடியில் வைத்தார். சட்டத்தைத் திருப்பினார். மறுபடியும் கையைத் தூக்கித் தொட்டியில் வைத்தார். இத்தனையும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே செய்தார். சுருண்டு கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் அந்தக் கையைத் தொட்டு. திரையை விட்டுவிட்டு வட்டவளைக்காரரிடம் போய், "உக்காருங்க, இப்ப ஆயிரும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஏதும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, வெங்காயம் நறுக்குனேன்" என்று என் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

மத்தியானம் தாண்டி அவள் வந்து சேர்ந்தாள். மண் சரிந்த இடத்தை ஏறிக் கடந்து, டிக்கோயாவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். தலையிலிருந்து கால் வரை சேறு. "அண்ணன் கையி..." என்றபடி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். மேசையில் சீவிய சட்டங்கள் அடுக்கியிருந்தன. பிள்ளையார் படம் எப்போதோ போய்விட்டது. அவர் அடுத்த படத்துக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவருடைய கையைப் பார்த்தாள், சட்டங்களைப் பார்த்தாள். "நீங்களேவாங்க அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். இனி தான் இங்கே எதற்கும் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும் என்று நான் பயந்தேன். ஏதாவது சொல்லவேண்டும். பாழாய்ப்போன இந்த வாய்க்கு அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை.

அவர்தான் பேசினார். சீவுவதை நிறுத்தாமல், குழறலாக, வழக்கமான சிடுசிடுப்போடு.

"அந்தப் பெட்டிப் பலகைய எத்தன நாளைக்கு மேசைக்கு அடியில போட்டு வைப்ப? எடுத்து இங்க என் பக்கத்துல போடு. ஒருத்தன் கையால முடியிற வேலையா இது?" பிறகு என்னைப் பார்த்தார். "அவளுக்கு ஒரு சீவுளி வாங்கிக் குடு. நல்லதா பாத்து வாங்கு."

கங்காணி ஏசி அழாதவள், நான் கடைக்கு முன்னால் வைத்து ஏசி அழாதவள், சேற்றுக்கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அவளுக்கு மாத்துச் சேலை குடுடி, குளிர்ல நடுங்குறா" என்று என்னை விரட்டினார்.

சேலையைக் கொடுத்துவிட்டு அந்த மழையிலேயே எதிர்க்கடைக்கு ஓடினேன். நானா மூன்று சீவுளிகளை எடுத்துப் போட்டார். எது நல்லது என்று எனக்கு என்ன தெரியும்? மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று மாறி மாறித் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் திரைக்குப் பின்னால் இரண்டு சீவுளிகள் ஓடின. முன்னால் நின்று வருகிறவர்களிடம் நான் கத்திப் பேசவேண்டியிருந்தது. கத்தினேன், எனக்கென்ன!